பள்ளியில் பண்பு, வீட்டில் மார்க்கம்: தொடக்கப் பள்ளிப் பெற்றோருக்கு



பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்தால் புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் பகுதிப் பெற்றோரின் மனத்தில் ஒரு கேள்வி எழும்: "காலை வணக்கத்தில் நம் பிள்ளையை வேறு மதப் பாட்டுப் பாடச் சொன்னால் என்ன செய்வது?" இதற்குப் பயந்து பக்கத்திலுள்ள நல்ல பள்ளியையே விட்டுவிடுவோர் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு, "எல்லோரும் செய்வதைச் செய்" என்று சொல்லி அனுப்புவோரும் உண்டு. நம் உரிமை எது, கடமை எது என்று தெரிந்துகொண்டால் இரண்டுமே தேவைப்படாது.

சட்டம் சொல்வது

இந்திய அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். நம் பகுதிப் பள்ளிகளுக்குப் பொருந்தும் விதிகள் அதில் இரண்டு.

முதலாவது, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் எந்த மதத்தின் போதனையும் நடத்தக்கூடாது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இதற்கு நேரான உதாரணம். இந்த விதி நம் மார்க்கத்துக்கும் பொருந்தும். ஆகவே, அங்கே தீனிய்யாத் வகுப்பு வேண்டும் என்று நாம் கேட்க முடியாது.

இரண்டாவது, அரசின் அங்கீகாரமோ உதவித்தொகையோ பெறும் பள்ளி மதப் போதனையும் வழிபாடும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் கலந்துகொள்ளும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக்கூடாது. சிறு பிள்ளை என்றால் பெற்றோரின் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவ மிஷன் பள்ளிக்கு உள்ள இதே விதிதான் முஸ்லிம் நிர்வாகப் பள்ளிக்கும். நம் பள்ளியில் படிக்கும் இந்துப் பிள்ளையைக் கேட்காமல் சூரா மனப்பாடம் செய்யச் சொல்வதும் தவறே.

வழக்கு மன்றங்களில் இன்னும் பேசப்படும் விஷயமும் உண்டு. கேந்திரிய வித்யாலயாக்களின் காலைப் பிரார்த்தனை 28ஆவது பிரிவுக்கு முரணானது என்று தொடரப்பட்ட வழக்கை, பெரிய அமர்வு விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2019 ஜனவரியில் அனுப்பிவைத்தார்கள். இதற்கு முன், 1986இல் கேரளத்துப் பிள்ளைகள் மூவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கையின் காரணமாகப் பாடாமல் இருந்த பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கியது செல்லாது என்பதே அது. மரியாதையாக நிற்பது வேறு, நம்பாததை வாயால் சொல்வது வேறு என்ற வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

போதனை வேறு, அறிதல் வேறு

பாடப் புத்தகத்தில் பிற மதங்கள் வந்தாலே பதற வேண்டியதில்லை. மதங்களைப் பற்றிப் படிப்பது மதப் போதனை ஆகாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தமிழ்ப் பாடநூல்களில் தேவாரமும் தேம்பாவணியும் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இலக்கியமாக இடம்பெற்று வந்திருக்கின்றன. நம் சீறாவைப் பிற சமயப் பிள்ளைகள் படித்து மதிப்பெண் வாங்குகிறார்கள். அவர்களுடையதை நம் பிள்ளைகள் படிப்பதும் அவ்வாறே. பொங்கல் ஏன் வருகிறது என்று அறிவது வழிபாடு அல்ல. பூசையில் கலந்துகொள்ளச் சொன்னால் அது வேறு.

லுக்மான் காட்டும் வழி

குர்ஆனின் 31ஆவது அத்தியாயத்தில் லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன உபதேசத்தை நாம் அறிவோம். அல்லாஹ்வுக்கு இணை வைக்காதே, தொழுகையை நிலைநிறுத்து என்பவை அதில் உண்டு. இவை ஈமானும் இபாதத்தும். இவற்றைக் கற்பிப்பது பெற்றோரும் மக்தபும்தான். மனிதர்களிடம் முகத்தைத் திருப்பாதே, கர்வமாக நடக்காதே, குரலைத் தாழ்த்திப் பேசு, பொறுமையாக இரு என்பவையும் அதே உபதேசத்தில் உண்டு. இவற்றை எந்தப் பள்ளி கற்பித்தாலும் நமக்கு இழப்பில்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள். சமத்துவத்துக்கு இதைவிட நல்ல நீதிபோதனை வகுப்பு வேறில்லை.

மக்தபின் பொறுப்பு

இலங்கையில் மதம் பள்ளிப் பாடங்களில் ஒன்று. முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். சிங்கப்பூர் 1984இல் உயர்நிலை வகுப்புகளில் சமய அறிவுப் பாடத்தைக் கொண்டுவந்தது. அது வேற்றுமையை வளர்த்துவிடுமோ என்ற கவலையில் சில ஆண்டுகளிலேயே அதன் கட்டாயத்தை நீக்கி, குடியியல், ஒழுக்கக் கல்வியின் பக்கம் திரும்பியது. நம் நாட்டு அரசுப் பள்ளிகளில் மதப் போதனை கிடையாது என்பதால், அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டின்மேலும் மக்தபின்மேலும் விழுகிறது.

ஆகவே மக்தபில் ஓதக் கற்றுக்கொடுப்பதோடு நின்றுவிடக்கூடாது. "நீங்கள் ஏன் நோன்பு வைக்கிறீர்கள்?" என்று பக்கத்து இருக்கைப் பிள்ளை கேட்டால், நம் எட்டு வயதுப் பிள்ளை தமிழில் நாலு வாக்கியம் சொல்ல வேண்டும். பதில் தெரியாத பிள்ளை ஒன்று கூனிக் குறுகும், அல்லது சண்டைக்குப் போகும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

சேர்க்கையின்போதே தலைமை ஆசிரியரிடம் காலை வணக்கத்தில் என்ன நடக்கிறது, மத வகுப்பு உண்டா என்று பணிவாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளை எதில் கலந்துகொள்ளாது என்பதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே, யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். தண்டனை பெற்றதுபோல் அது வெளியே நிற்கக்கூடாது.

ஏதாவது தவறு நடந்தால் வாட்ஸ்அப்பில் பரப்புவதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் ஆசிரியருக்குத் தெரியாமல் நடந்ததாகவே இருக்கும். தீராவிட்டால் ஜமாஅத் பெரியவர்களோடு சென்று பேசுங்கள். அதன் பிறகே வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள்.

வீட்டில் பிள்ளையிடம் பிற மதத்தவரின் வழிபாட்டைக் கேலி பேசாதீர்கள். பள்ளியிடம் நாம் கேட்கும் மரியாதையை நம் பிள்ளையும் மற்றவருக்குக் கொடுக்கப் பழகட்டும், இன்ஷா அல்லாஹ்.