டர்போ என்ஜினுக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்

பெட்ரோல் என்ஜினில் எரிபொருள் கலவையைப் பற்றவைக்கும் சிறு கருவி ஸ்பார்க் பிளக் ஆகும். பாடநூல்களில் இதனைப் பொறிச்செருகி என்று வழங்குவதும் உண்டு. ஆயினும் பட்டறையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் எவரும் எடுத்துத் தரமாட்டார். இதன் பணி பொறியை எழுப்புவது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். தன் முனையில் ஏறும் வெப்பத்தை உடனுக்குடன் சிலிண்டரின் தலைப்பகுதிக்குக் கடத்திவிடுவதும் இதன் பணியே. டர்போசார்ஜர் பொருத்தப்பெற்ற வேகக் கார்களில் பிளக்கை மாற்றுவோர் பெரும்பாலும் தவறுவது இந்த இரண்டாவது பணியை மறப்பதனால்தான்.

டர்போசார்ஜர் என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, அச்சுழற்சியைக் கொண்டே புதிய காற்றை அமுக்கி என்ஜினுக்குள் செலுத்தும் சாதனம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பியூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுத்துச் செலுத்தலாம், ஆற்றல் பெருகும். அதனுடன் வெப்பமும் பெருகும்.

ஜப்பானில் நிஸான் நிறுவனம் 1989-ல் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.டி.ஆர். என்னும் காரை எடுத்துக்கொள்வோம். அதன் என்ஜினுக்கு ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போசார்ஜர்கள். கொள்ளளவு 2,568 கன சென்டிமீட்டர். காற்றின் அழுத்தத்தை உயர்த்தி மேலும் ஆற்றல் பெற விரும்பும் உரிமையாளர்களுக்கு இந்தக் கார் பெரிதும் உகந்தது. அவ்வாறு உயர்த்தியபின் பழைய வகைப் பிளக்கையே வைத்திருக்கலாமா என்பதே கேள்வி.

இதற்கு விடை காணப் பிளக்கின் அமைப்பை நோக்க வேண்டும். நடுமின்வாயைச் சுற்றிப் பீங்கான் மூக்கு ஒன்று உள்ளது. மூக்கு நீளமாயின், வெப்பம் உலோகக் கூட்டை அடைய நெடுவழி செல்ல வேண்டும். முனை சூடாகவே நிற்கும். இது சூட்டுப் பிளக். மூக்கு குறுகியதாயின் வெப்பம் விரைவில் நீங்கும். இது குளிர்ப் பிளக். அடுப்பில் நுனி காயும் இரும்புக் கம்பியை நெருப்பருகே பிடித்தவருக்கும் கடைக்கோடியில் பிடித்தவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி ஆசிரியர்கள் இதனை மாணவருக்கு எளிதில் விளக்கலாம். இங்குச் சூடு, குளிர் என்பன பொறியின் தன்மையைக் குறிப்பன அல்ல. சூட்டுப் பிளக் வலுவான பொறி தரும் என்பது தவறான எண்ணம்.

முனையின் வெப்பநிலை ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே தங்கினால் அதில் கரி படியும். மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே கசியும். 850 டிகிரிக்கு மேற்பட்டால் முனை கனன்று, பொறி எழுமுன்னரே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலேறி வரும்போதே வெடிப்பு நிகழ்வதால், அழுத்தமும் வெப்பமும் அதன் தலையைத் தாக்குகின்றன. தூய அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அலுமினியக் கலவையாலான பிஸ்டனில் துளை விழச் சில விநாடிகளே போதும். ஆதலின், காற்றழுத்தம் உயர்த்திய என்ஜினுக்கு ஒரு படி குளிர்ந்த பிளக்கைத் தேர்வது வழக்கம். மிகக் குளிர்ந்ததைப் பொருத்தினால், நகர வீதியில் மெதுவாக ஓடும்போது கரி படிந்து என்ஜின் தடுமாறும்.

இனி எண்களில் உள்ள பொறியைக் கூற வேண்டும், இது எலிப்பொறி. என்.ஜி.கே., டென்சோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் பிளக்குகளில் எண் கூடக்கூடக் குளிர்ச்சி கூடும். ஜெர்மனியின் பாஷ் பிளக்குகளில் எண் குறையக்குறையக் குளிர்ச்சி கூடும். அன்றியும் என்.ஜி.கே.யின் 6, 7 ஆகிய படிகளை டென்சோ முறையே 20, 22 என்று குறிக்கிறது. ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றுக்குப் பொருத்துவோர் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்காமல் வாங்குதல் கூடாது.

அடுத்தது மின்வாய்களின் இடைவெளி. அமுங்கி அடர்ந்த காற்றைப் பொறி தாண்டுவது கடினம். அதற்கு மிகுந்த வோல்ட் அளவு வேண்டும். மின்சுருளால் அதனைத் தர இயலாவிடில், முழு வேகத்தில் பொறி அணைந்து என்ஜின் திணறும். எனவே 1.1 மில்லிமீட்டர் இடைவெளியை 0.8 அளவுக்குக் குறைப்பது உண்டு. ஆயினும் இரிடியம் பிளக்கின் நடுமுனை 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் பருமனே உள்ளது. அதன்மீது அளவுத் தகட்டை அழுத்தினால் ஒடியும். தேவையான இடைவெளி உள்ளதையே வாங்குவது நன்று.

இரிடியம், பிளாட்டினம், நிக்கல் என்னும் உலோக வேற்றுமையே கடைகளில் பெரிதாகப் பேசப்படுகிறது. இரிடியம் 2,446 டிகிரியிலும் நிக்கல் 1,455 டிகிரியிலும் உருகுவதால், முன்னது நெடுநாள் தேயாது, விலையும் அதிகம். ஆனால் வெப்பப் படி தவறாயின் விலையுயர்ந்த உலோகமும் பிஸ்டனைக் காக்காது.

மரையின் விட்டமும் நீளமும் பழையதை ஒத்திருத்தல் அவசியம். நீளம் மிகுந்தால் பிஸ்டன் மோதவும் கூடும். என்ஜின் நன்கு ஆறியபின், முதற் சில சுற்றுகளைக் கையாலேயே திருகி, பின்னரே முறுக்கு அளவியைக் கொண்டு இறுக்குதல் வேண்டும். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே அடுக்கி வைத்து நோக்குக. வெளிர் பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருப்பின், புதியவற்றைப் பொருத்துமுன் எரிபொருள் குறைவாகப் பாய்கிறதா என்பதையும் பற்றவைக்கும் நேரத்தையும் சோதித்தல் வேண்டும்.