யாத்திரை வண்டியில் எரிவாயு

மார்கழி, தை மாதங்களில் கோலியனூர்க் கூட்டுச்சாலையில் ஒரு நாழிகை நின்று பார்ப்பவர் தமிழ்நாட்டின் யாத்திரைகளில் பாதியைக் கண்டுவிடலாம். விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் நோக்கிச் செல்லும் சாலையும், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையும் எங்கள் ஊரில்தான் சந்திக்கின்றன. மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையுடன் செல்வோரும், சபரிமலைக்குக் கறுப்பு உடையுடன் செல்வோரும், அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனைத் தரிசிக்கச் செல்வோரும் வேன்களில் வந்து, புளிய மர நிழலில் வண்டியை நிறுத்திச் சமைத்து உண்டு போகின்றனர். பாய், அண்டா, அரிசி மூட்டை ஆகியவற்றோடு வண்டியின் பின்புறத்தில் சிவப்பு நிறச் சிலிண்டர் ஒன்றும் இருக்கும். இந்தச் சிலிண்டரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மேனாட்டார் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றி, கேரவன் என்றும் கேம்பர்வேன் என்றும் பெயரிட்டு ஊர் சுற்றுகின்றனர். அவர்களுக்கும் நம் யாத்திரிகருக்கும் கவலை ஒன்றே: வழியில் அடுப்பெரிக்க எரிவாயு எங்கே கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும்? அங்கே குளிர்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த எரிவாயு புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. பியூட்டேன் ஏறத்தாழ உறைநிலைக் குளிரிலேயே ஆவியாக மறுத்துத் திரவமாகவே நின்றுவிடும். புரொப்பேனோ பூஜ்யத்துக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகும். ஆதலால் குளிர்நாட்டுப் பயணிகள் குளிர்காலத்தில் புரொப்பேன் உருளையைத் தேடி வாங்குவர். சித்திரை வெயிலில் வாழும் நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை வேறு.

முதலில் விலையைப் பார்ப்போம். நாட்டின் தேவையில் பாதிக்கும் மேற்பட்ட எரிவாயு கடல் கடந்து வருகிறது. எண்ணூர் போன்ற துறைமுகங்களில் இறங்கி, டேங்கர் லாரிகளில் ஏறி, நிரப்பும் ஆலைகளுக்குச் சென்று, பிறகே உருளையில் அடைபடுகிறது. சவூதி அரேபியாவில் மாதந்தோறும் அறிவிக்கப்படும் விலை நம் ஊர் உணவுக்கடையின் இட்லி விலையைத் தொடுகிறது என்றால் மிகையன்று. ஆயினும் வீட்டு உருளைக்கும் கடை உருளைக்கும் நம் நாட்டில் ஒரே விலை இல்லை. 2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ வீட்டு உருளை 868 ரூபாய் 50 காசு. 19 கிலோ வணிக உருளை 1921 ரூபாய் 50 காசு. வகுத்துப் பாருங்கள். வீட்டு எரிவாயு கிலோ ஏறக்குறைய 61 ரூபாய். வணிக எரிவாயு கிலோ ஏறக்குறைய 101 ரூபாய். பொருள் ஒன்றுதான், இடைவெளி 40 ரூபாய். வீட்டு உருளைக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 5, வணிக உருளைக்கு 18 என்பது ஒரு காரணம். வீட்டு விலையை அரசு கீழே பிடித்து வைத்திருப்பது மற்றொரு காரணம். அவ்வாறு பிடித்து வைத்ததால் எண்ணெய் நிறுவனங்களுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2022-இல் 22,000 கோடி ரூபாயும், 2025-இல் 30,000 கோடி ரூபாயும் மத்திய அரசு ஒதுக்கியது. வீட்டு உருளையின் மலிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. பொதுப் பணத்திலிருந்து வந்தது.

ஆகவேதான் வீட்டு இணைப்பு என்பது ஒரு முகவரியிலுள்ள சமையலறைக்கென்று வழங்கப்படுகிறது. அதனை வேறு பயனுக்குத் திருப்புவதை 2000-ஆம் ஆண்டின் எரிவாயு ஆணை தடை செய்கிறது. வீட்டிலிருப்போருக்கு இந்த ஏற்பாடு நன்று. ஊர் விட்டு ஊர் போகிறவருக்கு? நெடுங்காலம் அவருக்கு வழியே இல்லாமல் இருந்தது. இண்டேன் எரிவாயு 1965 அக்டோபரில் கல்கத்தாவில் முதன்முதலாக ஒரு வீட்டுக்கு வழங்கப்பட்டது. முகவரிச் சான்று கேளாமல் விற்கும் 5 கிலோ உருளை பெட்ரோல் நிலையங்களுக்கு வந்ததோ 2013 அக்டோபரில். இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள்! வேலை தேடி நகரம் சென்ற இளைஞர்களும், வாடகை அறையில் தங்கிய மாணவர்களும் அதுவரை மண்ணெண்ணெய் அடுப்பையோ கள்ளச் சந்தையையோ நம்பியிருந்தனர். ‘சோட்டு’ என்று இந்தியன் ஆயில் நிறுவனம் 2020-இல் பெயர் சூட்டியது இந்தச் சிறு உருளைக்குத்தான். அடையாளச் சான்று ஒன்றைக் காட்டினால் போதும். காலியானதை அதே நிறுவனத்தின் வேறோர் ஊர் விற்பனை நிலையத்தில் கொடுத்து நிரம்பியதைப் பெறலாம். 2022 முதல் தமிழகத்தில் கூட்டுறவுத் துறைக் கடைகள் சிலவற்றிலும் விற்கப்படுகிறது. எனினும் அதற்குச் சந்தை விலைதான். முதல் முறை வாங்கும்போது உருளைக்கும் தனியே பணம் தர வேண்டும்.

இந்த விலையைக் கேட்டதும் யாத்திரைக் குழுத் தலைவர் வீட்டுச் சிலிண்டரையே வண்டியில் ஏற்றிவிடுகிறார். அவர் மிச்சப்படுத்துவது எவ்வளவு? பள்ளிக்கூடத்து வழக்கம் என்னை விடவில்லை. கரும்பலகைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். இருபது பேர் ஆறு நாள் யாத்திரை செல்கின்றனர்; 10 கிலோ எரிவாயு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே கண்ட வீட்டு விலையில் 611 ரூபாய். வணிக விலையில் 1011 ரூபாய். மிச்சம் 400 ரூபாய். இருபது பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 20 ரூபாய். ஆறு நாளுக்குப் பிரித்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 ரூபாய் 33 காசு. சாலையோரக் கடையில் அரைத் தேநீர்கூட அந்தக் காசுக்கு வராது.

அந்த மூன்று ரூபாய்க்கு எதனைப் பணயம் வைக்கிறோம் என்பதை மதுரை காட்டிவிட்டது. 2023 ஆகஸ்டு 26-ஆம் நாள் விடியற்காலை. லக்னோவிலிருந்து யாத்திரிகரை ஏற்றி வந்த தனிச் சுற்றுலாப் பெட்டி ஒன்று மதுரை நிலையத்தருகே தனியே நிறுத்தப்பட்டிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட சிலிண்டரை வைத்துச் சிலர் தேநீர் தயாரிக்க முற்பட்டபோது தீ மூண்டது. ஒன்பது உயிர்கள் போயின. இரயிலில் எரிவாயு கொண்டுசெல்வது குற்றம். 1989-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் அந்த அதிகாலையில் சட்டத்தைக் கேட்டுத் தீ மூளவில்லை.

இதன் பக்கத்தில் மற்றொரு நிகழ்ச்சியை வைத்துப் பாருங்கள். 2025 ஜனவரி 3-ஆம் நாள் விடியற்காலை கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு ஏற்றிய டேங்கர் லாரி கவிழ்ந்தது. வாயு கசிந்தது. தீயணைப்புப் படையினர் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தனர். சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. போக்குவரத்து திருப்பி விடப்பட்டது. ஓர் உயிரும் போகவில்லை. பதினெட்டு டன் திறந்த வெளியில், அறிந்தவர் கையில் இருந்தது. மதுரையில் சில கிலோ, அடைத்த பெட்டிக்குள், அறியாதவர் கையில் இருந்தது.

அடைத்த பெட்டி என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. நம் வீட்டுப் புகையைப் போல மேலெழுந்து கூரை வழியே போய்விடாது. தண்ணீரைப் போலத் தரையில் படிந்து, தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் ஆவியாகப் பெருகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். சன்னல்களை மூடிக்கொண்டு பனிக்கு அஞ்சி உறங்கும் வேனின் தரையில் என்ன நேரும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். இயல்பில் வாசனையற்ற அந்த வாயுவில் எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலப்பது நம்மை எச்சரிக்கத்தான். உறங்குகிறவனுக்கு அந்த எச்சரிக்கை எட்டுவதில்லை. மேனாட்டுக் கேரவன்களில் உருளைக்கென்று தனி அறை உண்டு. வீட்டுப் பகுதியோடு அதற்குத் தொடர்பு இராது. வெளிப்புறமாகக் கதவு திறக்கும். தரையில் துளை இருக்கும், கசிந்தது கீழே வெளியேறிவிட. நம் வாடகை வேன்களில் இருக்கைக்கு அடியிலே உருட்டி விடுகிறோம். உருளை எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுத்த உருளையிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே பாயும். இதனை எத்தனை ஓட்டுநர்கள் அறிவர்?

என் யோசனை எளிது. ஓடும் வண்டியில் உருளையே வேண்டாம். விழுப்புரத்துக்கும் மேல்மருவத்தூருக்கும் இடையே உணவுக்கடைக்குப் பஞ்சமில்லை. தங்கும் மண்டபங்களில் சமையற்கூடமும் வணிக உருளையும் கிடைக்கின்றன. சமைத்தே தீர வேண்டுமென்போர் தங்குமிடத்தில் சிறு உருளையை வாங்கி, வண்டியை விட்டு இறங்கித் திறந்த வெளியில் சமைத்து, எஞ்சியதை அங்கேயே ஒப்படைத்துவிடலாம்.

வாங்கும்போது உருளையின் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளில் ஒன்றும் பக்கத்தில் ஓர் ஆண்டும் பொறித்திருக்கும். ஏ என்றால் மார்ச் முடிய, பி என்றால் ஜூன் முடிய, சி செப்டம்பர், டி டிசம்பர். பி-28 என்றிருந்தால் 2028 ஜூனுக்குள் அந்த உருளையை மறு சோதனை செய்ய வேண்டும் என்பது பொருள். நாள் கடந்ததை வாங்காதீர்கள். நாற்றம் தென்பட்டால் விளக்கின் விசையைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரையும் இறக்கித் தொலைவில் நிறுத்துங்கள். பிறகு, வண்டியை விட்டு விலகி நின்று, 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். எரிவாயுக் கசிவுக்கென்றே ஏற்பட்ட எண் அது. இரவிலும் பகலிலும் எடுப்பார்கள்.