கப்பலில் டின்னர்... கோட் சூட் கட்டாயமா?

சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் போட்டாச்சு. அடுத்த கவலை, டின்னருக்கு என்ன டிரஸ் என்பதுதான். பகலெல்லாம் ஷார்ட்ஸில் சுற்றலாம். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கதையே வேறு!

இதில் ரொம்பக் கறாரான கப்பல்களில் ஒன்று, குனார்ட் நிறுவனத்தின் 'குயின் மேரி 2'. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 2004 முதல் ஓடுகிறது. 7 இரவுப் பயணத்தில் பொதுவாக 2 'காலா' இரவுகள் இருக்கும். அன்று ஆண்களுக்கு டக்ஸிடோ அல்லது அடர்நிற சூட், பெண்களுக்கு ஈவ்னிங் கவுன். மற்ற நாள்களில் பிளேஸர் போதும்; டை உங்கள் இஷ்டம்.

கவுனுக்கு எங்கே போவது என்று பதற வேண்டாம். அவரவர் நாட்டின் பாரம்பரிய விசேஷ உடையையும் குனார்ட் ஏற்றுக்கொள்கிறது. ஆக, பீரோவில் தூங்கும் கல்யாணப் பட்டுப்புடவையே போதும். ஆண்களுக்கு பந்த்கலா கச்சிதம். பட்டு வேட்டிதான் கட்டுவேன் என்பவர்கள், முன்கூட்டியே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். வாசலில் நின்று விவாதிக்கும் விஷயமில்லை அது.

இந்த அலங்காரமே வேண்டாமா? பஃபேயில் சாதாரண உடையிலேயே சாப்பிடலாம். நார்வீஜியன் குரூஸ் லைன் கப்பல்களில் ஃபார்மல் உடை எந்த இரவிலும் கட்டாயமில்லை.

முக்கியமான ஒன்று... தீ விபத்து பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் அயர்ன் பாக்ஸ் கொண்டுபோகத் தடை. குயின் மேரி 2-வில் பயணிகளே துணி துவைத்து, அயர்ன் செய்துகொள்ளத் தனி அறை உண்டு. காலா அன்று மாலையில் அங்கே கூட்டம் இருக்கும். காலையிலேயே புடவையோடு போய்விடுங்கள்!