குழல் நடுவைப் பார்ப்பதில்லை

மேசையில் மணல்மூட்டை வைத்து, அதன்மேல் ஒரு .22 ரைஃபிளை ஊன்றி, ஸ்கோப் வழியே 50 மீட்டர் தள்ளியுள்ள கரும்புள்ளியின் நடுவைக் குறிபார்க்கிறோம். அந்த நேரத்தில் துப்பாக்கிக் குழல் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்காது. அதற்கு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் மேலே உள்ள வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுட்டால் குண்டு நடுவில்தான் விழும்!

குழலைவிட்டு வெளிவந்த கணத்திலிருந்தே குண்டு விழத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் காரணம். போட்டிகளுக்கான .22 குண்டின் எடை 2.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 325 மீட்டர். குழலின் உட்புறத் திருகுவரிகள் அதை நொடிக்குச் சுமார் 800 முறை சுழற்றி அனுப்புவதால், தலைகுப்புறப் புரளாமல் மூக்கு முன்னே இருக்கப் பறக்கிறது. 50 மீட்டரைக் கடக்க 0.16 நொடி. அந்தச் சிறு பொழுதுக்குள் புவியீர்ப்பு அதை 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் குழல் பாகையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

ஆக, இங்கே இரண்டு கோடுகள். கண்ணிலிருந்து இலக்குக்குப் போகும் பார்வைக்கோடு நேரானது. குண்டின் பாதை வளைந்தது. ஸ்கோப் குழலுக்கு 4 சென்டிமீட்டர் மேலே பொருத்தப்பட்டிருப்பதால், குண்டு பார்வைக்கோட்டுக்குக் கீழிருந்து கிளம்புகிறது. ஏறக்குறைய 16 மீட்டரில் அதை வெட்டி மேலே ஏறுகிறது. 30 மீட்டர் அளவில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பிறகு இறங்கி, 50 மீட்டரில் மறுபடி கோட்டைத் தொடுகிறது. இரண்டும் சந்திக்கும் தூரத்தை நாமே தேர்ந்து ஸ்கோப்பைத் திருகி அமைப்பதைத்தான் ஜீரோ செய்வது என்கிறார்கள்.

எந்தத் தூரத்தைத் தேர்வது? 50 மீட்டருக்கு ஜீரோ செய்தால், 10 மீட்டரிலிருந்து 50 வரை குண்டு பார்வைக்கோட்டைவிட்டு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் விலகுவதே இல்லை. 100 மீட்டருக்கு ஜீரோ செய்து பாருங்கள்: 50 மீட்டரில் குண்டு பத்துச் சென்டிமீட்டருக்கும் மேல் உயரத்தில் போகும், இடையிலுள்ள எல்லாத் தூரங்களுக்கும் கீழே குறிபார்க்க வேண்டியிருக்கும். வளைவின் மென்மையான பகுதிக்குள் வேலையை முடித்துக்கொள்ளும் தூரம் என்பதால், இந்தச் சிறு தோட்டாவுக்கு 50 மீட்டர் மிகப் பொருத்தம் என்பது என் கருத்து.

அந்த 16 மீட்டர் சந்திப்பு தற்செயலாகக் கிடைத்த பரிசு. புதிதாகப் பொருத்திய ஸ்கோப்பை நேரே 50 மீட்டரில் சோதித்தால் குண்டு தாளிலேயே படாமல் போகலாம். முதலில் 16 மீட்டரில் பெரிய தாளை வைத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால், 50 மீட்டரில் குண்டு நடுவுக்கு அருகே வந்து நிற்கும். ஆனால் அங்கேயே முடித்துவிடக் கூடாது. 16 மீட்டரில் கண்ணுக்கே தெரியாத 1 மில்லிமீட்டர் பிசகு, 50 மீட்டரில் 3 மில்லிமீட்டராக வளர்ந்திருக்கும்.

3 மில்லிமீட்டர் பெரிய பிசகா? சர்வதேச 50 மீட்டர் போட்டித் தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. சுற்றியுள்ள கரும்புள்ளியோ 112.4 மில்லிமீட்டர். போட்டி ரைஃபிள்களில் ஸ்கோப் கிடையாது. பின்னால் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவே. சுடுபவர் அந்தப் பத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதே இல்லை. கரும்புள்ளியை வளையத்துக்குள் நிறுத்தி, சுற்றிலும் தெரியும் வெள்ளை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். வட்டத்துக்குள் வட்டம் நடுவில் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் நம் கண் அபாரமான கருவி. அந்தத் திறமையை நம்பித்தான் தாளே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்கோப்புக்கு இதே தாள் உதவாது. அதன் மெல்லிய கறுப்புக் குறுக்குக்கோடுகள் கரும்புள்ளிக்குள் மறைந்துபோகும். அதற்கு வெள்ளைத் தாளில் முனையில் நிறுத்திய ஒரு சதுரம் போதும். நான்கு மூலைகளிலும் கோடுகள் வெட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். வெறும் முள் போன்ற முன்சைட் உள்ள ரைஃபிளில் கதை இன்னும் சுவையானது. முள்ளின் தலைமேல் கரும்புள்ளி உட்கார்ந்திருப்பதுபோல் குறிபார்ப்பார்கள். குண்டு புள்ளியின் ஆரம் அளவுக்கு மேலே விழும்படி ஜீரோ செய்திருப்பார்கள். அதே தூரத்தில் பாதி அளவுப் புள்ளியை வைத்தால், ரைஃபிளில் எதையும் தொடாமலே, எல்லாக் குண்டுகளும் 28 மில்லிமீட்டர் மேலே போகும்.

என்.சி.சி.யில் .22 சுட்டவர்களுக்குக் குரூப்பிங், அதாவது ஒரே குறியில் பல குண்டுகள் சுட்டு அவை விழுந்த கூட்டத்தைப் பார்ப்பது, தெரியும். ஒரு குண்டு எங்கே விழுந்தது என்பதை நம்பி திருகைத் தொடக் கூடாது. எவ்வளவு நல்ல துப்பாக்கியும் கொஞ்சம் சிதறும். ஐந்து சுட்டு நடுவைக் கணக்கிட்டால் நம் ஐயம் பாதிக்கும் கீழே குறைகிறது. பத்து சுட்டால் மூன்றில் ஒன்றாகிறது. திருகின் அளவு கோணத்தில் இருக்கும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. அது 50 மீட்டரில் 14.5 மில்லிமீட்டர். பல ஸ்கோப்புகளில் திருகின் ஒரு கிளிக் கால் கலை. 14.5 மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாளை மாட்டினால், ஒரு கட்டத்துக்கு நான்கு கிளிக். கணக்கே போட வேண்டாம்.

இனி காற்று. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் இளங்காற்று குண்டை 50 மீட்டரில் 6 மில்லிமீட்டர் தள்ளுகிறது. தூரத்தை இரட்டிப்பாக்கினால் விலகல் நான்கு மடங்காகிறது. ஆகவே காற்று அடங்கிய காலைப்பொழுதில் ஜீரோ செய்வதே நல்லது. வேகமான குண்டைக் காற்று குறைவாகத்தானே தள்ளும் என்று தோன்றும். .22-இல் அது தலைகீழ்! ஒலியைவிட வேகமாக, நொடிக்கு 380 மீட்டரில் கிளம்பும் தோட்டாதான் அதிகம் விலகுகிறது. குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பதைக் காற்று பொருட்படுத்துவதில்லை. காற்றின் தடையால் எவ்வளவு நேரத்தை இழந்தது என்பதைப் பொறுத்தே விலகல். ஒலியின் வேகத்தை ஒட்டித் தடை திடீரென்று ஏறுவதால், வேகக் குண்டு தன் வேகத்தை அங்கேயே பறிகொடுக்கிறது. போட்டித் தோட்டாக்கள் ஒலியைவிடச் சற்று மெதுவாகவே பறப்பது இதனாலும்தான்.

இலக்கு வைக்கும் இடத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு, எல்லாவற்றுக்கும் முந்தியது: பின்னால் உயர்ந்த மண்கரை. இந்தச் சின்னக் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது.

இவ்வளவும் சரியாக அமைந்த ரைஃபிளை நின்றபடி எடுத்துச் சுட்டால் குண்டு வேறிடத்தில் விழலாம். தோளின் அழுத்தம், வாரின் இழுப்பு, கன்னம் பதியும் இடம் எல்லாம் மாறிவிடுகின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில். மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளிலும் சுட வேண்டும். இந்தப் போட்டிக்காரர்கள் ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை கிளிக் என்று தனித்தனியே குறித்துவைத்திருப்பார்கள். மதிப்பெண் கணக்குத் தொடங்குமுன் சோதனைக் குண்டுகள் சுட்டு அன்றைய காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அதைத் திருத்திக்கொள்வார்கள். அதே ரைஃபிளை, அதே தோட்டாவோடு இன்னொருவர் தோளில் வைத்தால் அந்த எண்கள் பெரும்பாலும் பொருந்தாது. அவர் முதலிலிருந்து ஐந்து குண்டு சுட வேண்டும்.