மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பல வீடுகளில் தள்ளிவிடுகிறார்கள். மிச்ச மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் வேண்டும் என்று தேடினால் விரல்விட்டு எண்ணும் நாட்கள்தான் தேறும். அந்த நாட்களுக்கு ஊரே போட்டி போடுகிறது. எந்தத் தேதியில் மண்டபம் காலி என்று விசாரித்துக்கொண்டு அதன்பிறகு ஜோசியரைப் பார்க்கும் குடும்பங்களும் உண்டு. இந்த அவசரத்தில்தான் பணம் போகிறது.

மண்டப அலுவலகத்தில் டைரியைப் புரட்டி, "இந்த ஒரு தேதிதான் இருக்கு, சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்பார்கள். பெண்ணின் அப்பா பதறிப்போய் ஐம்பதாயிரத்தை எண்ணிக் கொடுப்பார். கைக்கு வருவது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண் இருக்காது. முதல்நாள் எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், மறுநாள் எப்போது காலி செய்ய வேண்டும் என்பது இருக்காது. ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திர வாடகை எல்லாம் தனிக் கணக்கா என்பதும் இருக்காது. அடியில் மட்டும் பொடி எழுத்தில், "அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கும்.

பிறகு வீட்டில் ஒரு சாவு விழுகிறது, அல்லது சம்பந்தம் முறிகிறது. ஏற்கெனவே நொந்துபோன குடும்பம், அந்த ஒரு வரியைச் சட்டம் என்று நம்பிப் பணத்தைக் கைகழுவிவிடுகிறது.

அது சட்டமில்லை. ஒப்பந்தத்தை ஒருவர் முறித்தால் மற்றவருக்கு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆவது பிரிவு. அபராதம் இவ்வளவு என்று தாளில் எழுதியிருந்தாலும் அது உச்சவரம்பு மட்டுமே. நட்டத்துக்குப் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் தலையில் கட்டுவது நியாயமற்ற ஒப்பந்தம் என்றும், பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

முழுப் பணமும் திரும்பி வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். அட்வான்ஸ் சிறு தொகையாக இருந்தால் மண்டபத்தார் அதை எடுத்துக்கொள்வதை நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ரத்து செய்தால் அவர்களுக்கும் உண்மையான நட்டம்தான். ஆனால் நான்கு மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்து, அதே தேதிக்கு வேறு கல்யாணமும் அங்கே நடந்துவிட்டால் அவர்களுக்கு என்ன நட்டம்? அன்று மண்டப வாசலில் கட்டியிருக்கும் பேனரைப் போட்டோ எடுத்து வையுங்கள். அது நல்ல சாட்சி.

முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். மண்டபம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

மண்டபத்தைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது பெண்ணின் பிறப்புச் சான்றிதழ். "நல்ல முகூர்த்தம், பதினெட்டு முடிய ரெண்டு மாசம்தானே" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் குற்றம்தான்; நடத்தி வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நல்லநாள் என்ற பெயரில் இது கூட்டமாக நடக்கிறது என்பதால் அட்சய திருதியையை அந்தச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அப்படிப்பட்ட நாட்களில் தடுக்கும் பொறுப்பை மாவட்ட நடுவரான ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறது. நீதிமன்றத் தடையை மீறிக் கட்டிய தாலி செல்லாது. அப்படியொரு தேதி குறிக்கப்படுவது தெரிந்தால், பக்கத்து வீடாக இருந்தாலும், சொந்த வீடாகவே இருந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.