ஃபுளூ காய்ச்சலுக்கு ஓசெல்டாமிவிர்: யாருக்கு, எப்போது, எத்தனை நாள்?

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் கோவை, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரங்களில் ஃபுளூ காய்ச்சலும் பரவத் தொடங்குகிறது. அந்நாட்களில் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் இருவகையினரைக் காண்கிறோம். ஒரு சாரார், மருந்துக்கடையில் ‘செட்’ மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, நான்காம் நாள் மூச்சு வாங்கும் நிலையில் வருகின்றனர். மற்றொரு சாரார், ஒரு நாள் சளிக்கே “பன்றிக் காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுங்கள்” என்கின்றனர். முன்னவருக்கு மருந்து தாமதமாகிறது. பின்னவருள் பலருக்கு அது தேவையே இல்லை.

அந்த மாத்திரையின் பெயர் ஓசெல்டாமிவிர். டாமிஃப்ளூ என்ற வணிகப் பெயரால் பலரும் அறிந்தது. 2009-இல் எச்1என்1 உலகெங்கும் பரவியபோது இம்மருந்தின் சில்லறை விற்பனைக்கு நம் நாட்டில் கடும் கட்டுப்பாடு இருந்தது. 2017-இல் அது ‘எச்1’ பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இன்று மருந்துக்கடைகளில் கிடைத்தாலும், மருத்துவரின் சீட்டு கட்டாயம். விற்பனை விவரத்தைக் கடைக்காரர் பதிவேட்டில் குறித்துவைக்கவும் வேண்டும்.

மருந்து செய்யும் வேலை

ஃபுளூ கிருமி நம் செல்லுக்குள் புகுந்து பெருகி, வெளியேறி அடுத்த செல்லைத் தாக்குகிறது. அவ்வாறு வெளியேறும் வழியை ஓசெல்டாமிவிர் அடைக்கிறது. கிருமி வேகமாகப் பெருகுவது முதல் இரண்டு மூன்று நாட்களில்தான். ஆகவே, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பயன் மிகுதி. நோய் கடுமையாக இருப்பின் அதன் பிறகும் தருகிறோம். சாதாரணச் சளிக்கோ டெங்குவுக்கோ இம்மருந்து உதவாது.

யாருக்குத் தேவை?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் நோயாளிகளை மூன்று பிரிவாக வகுக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி மட்டும் உடையோர் ‘ஏ’ பிரிவினர். இவர்களுக்கு ஓய்வும், நீராகாரமும், பாராசிட்டமாலும் போதும். ஓரிரு நாளில் நிலையை மீண்டும் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், 65 வயது கடந்தோர், சர்க்கரை நோய் மற்றும் இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் நோய் உடையோர் ‘பி’ பிரிவினர். இவர்களுக்கு ஃபுளூ என ஐயம் எழுந்தாலே, பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறோம். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் இரத்தம், நகம் நீலமாதல் ஆகியவை உடையோர் ‘சி’ பிரிவினர். குழந்தை பால் குடிக்க மறுப்பதும், ஓயாது சிணுங்குவதும், எழுப்பினாலும் விழிக்காமல் சோர்ந்து கிடப்பதும் இப்பிரிவின் அறிகுறிகளே. இவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

எவ்வாறு உட்கொள்வது?

பெரியவர்களுக்குச் சிகிச்சை அளவு 75 மி.கி.; காலை ஒன்று, இரவு ஒன்று என 5 நாட்கள். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும். சிரப் எனில் நன்கு குலுக்கி, அதனுடன் தரப்படும் அளவுகோலாலேயே ஊற்றுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருப்பின் அளவைக் குறைக்க நேரும். அதனால் பழைய கிரியேட்டினின் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டு வாருங்கள்.

குமட்டலும் வாந்தியும் சிலருக்கு வரும். உணவுக்குப் பின் உட்கொண்டால் குறையும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு இரண்டு மணி நேரமே இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்து விழுங்கக் கூடாது. தோலில் தடிப்பு, முகவீக்கம், அரிதாகச் சிறுவரிடம் குழப்பமான பேச்சு அல்லது நடத்தை தென்பட்டால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்?

எல்லோரும் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. நோயாளியுடன் நெருங்கிப் பழகிய ‘பி’ பிரிவினருக்கு மட்டும், 48 மணி நேரத்திற்குள், நாளொன்றுக்கு ஒரு வேளை 75 மி.கி. என 10 நாட்கள் தருவதுண்டு. மருந்து உட்கொள்ளும் நாள்வரைதான் இக்காப்பு. ஆண்டுதோறும் போடும் தடுப்பூசிக்கு இது மாற்றாகாது.

மீதி மாத்திரை

காய்ச்சல் இறங்கியதும் மருந்தை நிறுத்தி, மீதியை அடுத்த ஆண்டுக்கென எடுத்துவைப்பதும், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். ஒருவருக்கு எழுதிய அளவு மற்றவருக்குப் பொருந்தாது. அரைகுறையாக உண்பதால் கிருமி எதிர்ப்புத் திறன் பெறவும் வாய்ப்புண்டு. 2008-09 காலகட்டத்தில் அன்றைய பருவகால எச்1என்1 கிருமிகளுள் பெரும்பாலானவை மரபணு மாற்றத்தால் இம்மருந்துக்குக் கட்டுப்படாமற் போயின என்பதை மருத்துவ உலகம் மறக்கவில்லை. கைவசமுள்ள மருந்துகள் சிலவே.

மழைக்காலத்தில் டெங்குவும் உடன் வருவதால், ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் கர்ப்பிணியோ, முதியவரோ, சர்க்கரை நோயாளியோ இருந்தால், காய்ச்சல் கண்ட முதல் நாளே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். மருந்து தேவையா என்பதை அன்றே சேர்ந்து முடிவு செய்வோம்.