தென்னந்தோட்ட மண்ணில் வாழும் பற்றீரியாக்கள்

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன் உளது. எனினும் தென்னை அதனை நேரே உட்கொள்ள இயலாது. அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் றைசோபியம் என்னும் பற்றீரியாவே அதனைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றுகின்றது. ஆதலின் தென்னை வரிசைகளுக்கிடையே பியூராரியா போன்ற மூடுபயிரை வளர்த்தல் நன்று.

பற்றீரியா தொழில்புரிகின்றதா என்பதைக் கமக்காரர் தாமே அறியலாம். செடியொன்றை வேர் அறாமற் கிண்டியெடுத்து, முடிச்சை நகத்தாற் பிளந்து பார்த்தல் வேண்டும். உட்புறம் இளஞ்சிவப்பாயின் தொழில் நடைபெறுகின்றது. வெண்மையாயின் இன்னும் தொடங்கவில்லை; பச்சையாயின் முடிந்துவிட்டது.

இவ்வாறு சேரும் நைதரசனிற் பெரும்பகுதி மூடுபயிரிலேயே தங்கும். தழையை வெட்டி மரத்தடியிற் பரப்பினால், மண்ணிலுள்ள வேறு பற்றீரியாக்கள் அதனை உக்கச்செய்து, முதலில் அமோனியாவாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். அவற்றையே தென்னை வேர்கள் உறிஞ்சுகின்றன. தழையை எரித்தாலோ, நைதரசன் புகையோடு காற்றிற் கலந்துவிடும்.

ஒன்றை மறத்தலாகாது. தென்னை மண்ணிலிருந்து மிகுதியாகக் கவர்வது பொற்றாசியமாகும். காற்றில் இல்லாத அதனை எப்பற்றீரியாவும் புதிதாகக் கொணர்ந்து சேர்க்கமாட்டாது. எனவே மூடுபயிர் செழித்திருப்பினும், பொற்றாசியப் பசளையிடுதலை நிறுத்துதல் கூடாது. நிறுத்தினால் விளைச்சல் குன்றும்.